உஷார்! பிள்ளையின் கல்லீரலில் செம்பு சேரலாம்

பெற்றோரே, பிள்ளைக்குக் காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்!

கம்பம் பக்கம் ஒரு கிராமம். மாமன் மகளைக் கட்டியவர் அப்பா. மூத்த பையன் முத்து முத்தாக எழுதுவான். திடீரென்று எழுத்து கோட்டைத் தாண்டிக் கோணிக்கொண்டு ஓடியது. பேனா பிடித்த விரல் நடுங்கியது. "செல்போன் பார்த்தே கெட்டுப்போனான்" என்று அடிதான் விழுந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியபோதும் யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு கண் மஞ்சளானது. "காமாலைக்குப் பத்தியம் இருந்தாப் போதும்" என்றார் அப்பத்தா. வயிறு நீர் கோத்து உப்பிய பிறகுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கல்லீரல் சுருங்கிப் போயிருந்தது. பையன் பிழைக்கவில்லை.

தங்கையையும் சோதித்தார்கள். ஓடியாடி விளையாடுகிற பிள்ளை, ஒரு குறியும் இல்லை. அவளுக்கும் அதே நோய்!

வில்சன் நோய். 1912-ல் இதை விவரித்த லண்டன் மருத்துவரின் பெயர். சாப்பாட்டில் மிஞ்சும் செம்பைக் கல்லீரல் பித்தநீரோடு வெளியேற்றிவிடும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த வேலைக்கான மரபணு பழுது. செம்பு கல்லீரலில் தேங்கும், பிறகு மூளைக்கும் கண்ணுக்கும் பரவும். தாய் தகப்பன் இருவரிடமும் பழுது ஒளிந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்துக்குள் கட்டினால் அப்படி அமையும் வாய்ப்பு கூடுதல். சண்டைக்கு வராதீர்கள். கட்டியது கட்டியாயிற்று, பிள்ளைகளைக் கவனியுங்கள்.

திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்தத்தில் உள்ள செம்புதான் காரணமா? இல்லை, இது பிறவிக் கோளாறு. ஆனாலும் முகமூடி இல்லாமல் மயில்துத்தம் சேர்ந்த போர்டோக் கலவையை அடிக்காதீர்கள். போர்ச்சுகலில் ஆண்டுக்கணக்கில் அதை அடித்த திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களின் நுரையீரலிலும் கல்லீரலிலும் செம்பு படிந்திருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உஷார்!

திரும்பத் திரும்ப வரும் காமாலை. காமாலையோடு சேர்ந்த சோகை. கால் வீக்கம், வயிறு உப்பல். கை நடுக்கம், பேச்சுக் குழறல். நன்றாகப் படித்த பிள்ளையின் திடீர்ச் சரிவு, காரணமில்லாத கோபம். கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம். இந்த வளையம் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாமல் போகலாம், கண் மருத்துவர் கருவி வைத்துப் பார்க்க வேண்டும்.

க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போய், "செம்பு நோயாக இருக்குமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு. இவைதான் முதல் சோதனைகள்.

மருந்து உண்டு. 1956-ல் வந்த பெனிசிலமின் இன்றும் கைகொடுக்கிறது, துத்தநாக மாத்திரையும் இருக்கிறது. ஈரல் கறி, செம்புக் குடத்துத் தண்ணீர் இரண்டும் இவர்களுக்கு ஆகாது.

"பிள்ளை தேறிட்டானே" என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியவர்களுக்குச் சில மாதங்களிலேயே கல்லீரல் செயலிழந்து உயிர் போயிருக்கிறது. ஆயுள் முழுக்க மாத்திரை. ஒரு பிள்ளைக்கு இருந்தால், கூடப்பிறந்த அத்தனை பேருக்கும் சோதனை. இந்த வாரமே!