சீசனுக்கு மட்டும் சர்வர்
தனி சர்வரா, கிளவுடா? கூட்டத்தின் போக்கே தீர்மானிக்கிறது

மும்பை தாராவியின் கும்பார்வாடாவில் அகல் விளக்குக்கு தீபாவளிதான் சீசன். மற்ற மாதங்களில் கேட்பாரில்லை. அங்குள்ள குயவர் ஒருவர் இணையதளம் வைத்து விற்பதாகக் கொள்வோம். சீசன் கூட்டத்தைத் தாங்கும் பெரிய சர்வரைத் தனியாக எடுத்தால், ஆண்டு முழுக்க வாடகை அழ வேண்டும். சிறியதை எடுத்தால் சீசனில் தளம் முடங்கும். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இதற்கு மாற்றுதான் கிளவுட். பெயர்தான் மேகம்; இயந்திரங்கள் இருப்பதென்னவோ தரையில். பெரிய நிறுவனத்தின் கணினிகளில் வேண்டிய பங்கை, வேண்டிய நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் போல மீட்டர் கணக்கு. 2006-ல் இத்தொழிலில் இறங்கிய அமேசான், 2016 ஜூனில் மும்பையிலேயே கடை விரித்தது.

2019 ஜூலை உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா - நியூசிலாந்து ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 2.53 கோடி பேர். அமேசானின் கிளவுட்தான் தாங்கியது. ஆனால் கூட்டம் வந்தபின் கணினிகளைக் கூட்டினால் சில நிமிடங்கள் வீணாகும். எனவே முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார்கள்.

எல்லோருக்கும் இது லாபமல்ல. ஆண்டு முழுக்க ஒரே சீரான வியாபாரம் நடக்கும் தளத்துக்கு சொந்த சர்வரே மலிவாகலாம். அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் இப்படிக் கணக்குப் போட்டு 2023-ல் கிளவுடை விட்டு வெளியேறியது.

குயவருக்குக் கிளவுட் பொருந்தும். ஆனால் தீபாவளி முடிந்ததும் மீட்டரைக் குறைக்க மறந்தால், அகல் விற்ற காசு பில்லுக்கே போய்விடும்.