மேசையில் ஒரு மறுகை

சகோதரிகளே, ஊசியில் நூல் கோக்க எத்தனை கைகள் வேண்டும்? துணியை இழுத்துப் பிடித்துத் தைக்க? மாப் பைக்கற்றின் வாயை வெட்ட? ஒரு கை பிடிக்க, மறு கை வேலை செய்ய வேண்டும். யுத்தத்தில் ஒரு கையை இழந்த பெண்ணுக்கு இந்தச் சின்ன வேலைகள்தான் நாள் முழுவதும் பெரும் பாடு. ஓர்ஸ் ஹில் போன்ற இடங்களில் வீட்டிலிருந்தே தையல் செய்து பிழைக்கும் குடும்பங்களுக்கு இது வருமானப் பிரச்சினையும்கூட.

தென்னாபிரிக்கத் தச்சரான ரிச்சர்ட் வான் அஸ், 2011ஆம் ஆண்டு விபத்தொன்றில் வலக்கை விரல்களை இழந்தார். செயற்கை விரல்களின் விலை எட்டாததால், அமெரிக்கரான ஐவன் ஓவனுடன் சேர்ந்து தாமே விரல்களை உருவாக்கினார். அந்த வரைபடங்களை 2013இல் உலகுக்கு இலவசமாகவும் கொடுத்தார்கள். தேவை உள்ளவரே வடிவமைக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

அணியும் கையை வீட்டில் செய்வது கடினம். ஆனால் மேசையில் பொருத்தி வைக்கும் "பிடி" ஒன்றைச் செய்யலாம். அடுப்படி இடுக்கியைப் போல இரண்டு விரல்கள். அவற்றின் அடியில் ஒன்றோடொன்று கோத்த இரு பற்சக்கரங்கள். ஒரு சக்கரத்தை மோட்டர் திருப்பினால் மற்றது எதிர்ப்பக்கம் திரும்பும். விரல்கள் மூடும்.

முதலில் மட்டையில் வரைந்து வெட்டி, குண்டூசி குத்தி அசைத்துப் பாருங்கள். சரியாக வந்தபின், அக்ரிலிக் பெயர்ப்பலகை வெட்டும் லேசர் இயந்திரம் உள்ள கடையில் 3 மில்லிமீற்றர் தகட்டில் வெட்டுவிக்கலாம். லேசர் கோட்டை எரித்துக்கொண்டு போவதால் துளைகள் சற்றுப் பெருக்கும். ஆகவே துளைகளைக் கொஞ்சம் சிறிதாக வரைய வேண்டும். பீவீசீ தகட்டை மட்டும் லேசரில் வெட்டுவிக்க வேண்டாம். அதிலிருந்து நச்சுப்புகை வரும்.

விரல்களைத் திருப்ப சேர்வோ மோட்டர் பயன்படும். பத்து கிலோ பலம் என்று சொல்லி விற்றால், அது அச்சிலிருந்து 1 சென்ரிமீற்றர் தூரத்துக்கான கணக்கு. விரல் 5 சென்ரிமீற்றர் நீண்டால் பலம் ஐந்தில் ஒன்றாகும். அதையும் இரு விரல்கள் பங்கிட வேண்டும். எனவே விரலைக் குட்டையாக வைத்து, உட்புறம் சைக்கிள் ரியூப் துண்டு ஒட்டுங்கள், வழுக்காது. மோட்டரை இயக்க, 2005இல் இத்தாலியில் உருவான அர்டுயினோ என்ற சிறு மின்பலகை போதும். அதில் கால் சுவிச்சு ஒன்றை இணைத்தால், மிதிக்கும்போது திறந்து, விட்டதும் மூடும்.

துணி, நூல், கடித உறை, பைக்கற் ஆகியவற்றைப் பிடிக்க இது உதவும். கத்தியால் வெட்டும் காய்கறியைப் பிடிக்க இதை நம்ப வேண்டாம். மின்சாரம் நின்றால் பிடியும் தளரும். உடலில் அணியும் அவயவத்துக்கு, 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களையே நாட வேண்டும்.

வரைபடம், மின்பலகை என்று பயப்பட வேண்டாம். சாதாரணதரம் படிக்கும் மகளோ மகனோ கூட இருந்தால் மின்வேலையைப் பார்த்துக்கொள்வார்கள். எதை, எந்த உயரத்தில், எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அது ஒரு கையால் தைக்கும் சகோதரிக்குத்தான் தெரியும். ஆகவே முதல் மட்டையை வெட்டும்போதே அவரை மேசைக்கு அழையுங்கள்.