பழவேற்காட்டு மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால்

பழவேற்காடு ஏரியில் வாழும் மீன்களில் இரண்டு, வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள்ளும் இடம்பிடித்தவை. ஒன்று, பசுமை கலந்த சாம்பல் உடலில் முத்துப் புள்ளிகள் கொண்ட மீன். கேரளத்தில் கரிமீன் என்று பேர் வாங்கியது. மற்றொன்று விரல் நீளமே வளரும் ஆரஞ்சு குரோமைட். செல்லக்காசு என்றும் இதற்குப் பெயருண்டு. ஏரியில் பிடிபடுவது மங்கிய மஞ்சள் உடலும் விலாவில் கரும்புள்ளியுமாக இருக்கும். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விற்பது பண்ணைகளில் பெருக்கிய பளிச்சென்ற ஆரஞ்சு வகை. சிக்லிட் குடும்பத்தில் இந்தியாவில் இயல்பாக வாழும் இனங்கள் மூன்றுதான். அவற்றில் இரண்டு இவை.

கடையில் இவை கப்பி, மோலி, தங்கமீன்களுக்கு நடுவே நன்னீர் மீன்களாகவே விற்பனையாகின்றன. வாங்கிச் சென்ற சில வாரங்களில் துடுப்பு கரைவதும், உடலில் பஞ்சு போல் பூஞ்சை படர்வதும் அடிக்கடி கேட்கும் புகார். வாங்கியவர் உடனே மருந்து பாட்டிலைத் தேடுகிறார். உண்மையில் அந்த மீனின் நோய் பெரும்பாலும் தண்ணீரிலிருந்துதான் தொடங்கியிருக்கும். மருத்துவமும் தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரும் கலக்கும் ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பு பழவேற்காடு. வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தபின் ஏரியின் பல பகுதிகளில் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கோடையில், நீர் வற்றும் பகுதிகளில் கடலையும் மிஞ்சும். முகத்துவாரம் மணலால் தூர்ந்து போனால் மீன்வரத்து என்ன ஆகும் என்பது லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். இப்படி ஏறி இறங்கும் உப்பைத் தாங்கும் உடல்தான் செல்லக்காசுக்கும் கரிமீனுக்கும். இரண்டும் நன்னீரிலும் வாழக்கூடியவையே. ஆனால் ஏரியில் அந்த மாற்றம் வாரக்கணக்கில் நிகழ்கிறது. தொட்டியிலோ ஒரு பாலித்தீன் பையை அவிழ்த்துக் கொட்டும் நொடியில் நிகழ்ந்துவிடுகிறது.

நன்னீரில் இருக்கும் மீனின் இரத்தத்தில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றி, இழந்த உப்பைச் செவுள் வழியே திரும்பப் பிடித்தாக வேண்டும். நலமாக இருக்கும் மீனுக்கு இது சுமையே அல்ல. தோலின் வழவழப்புப் படலம் உரிந்த, பயணத்தில் களைத்த மீனுக்கு இதுவே உயிர்ப் போராட்டம். மீன் வளர்ப்பில் கல் உப்பு மருந்தாகப் பயன்படுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

நோயைக் கண்டறிய முதலில் வேண்டியது பொறுமையான பார்வை. தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேரொளியில் தெரியாத புள்ளிகளும் தூசிப் படலமும் தெரியும். துடுப்புகளை விரித்து நீந்துகிறதா, உடலோடு ஒட்டி மடக்கி வைத்திருக்கிறதா? கூழாங்கல்லில் உடலைத் தேய்க்கிறதா? செவுள்மூடி வழக்கத்தைவிட வேகமாக அடிக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் அசைகிறதா? நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கிறதா? இவற்றைக் குறித்துக்கொள்வது, மருந்துக் கடையில் சொல்லும் பத்துப் பெயர்களைவிடப் பயனுள்ளது.

ஆரஞ்சு குரோமைட் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் இதன் அடிவயிறு கறுக்கும், அது நோயல்ல. குஞ்சுகள் பெற்றோரின் உடலை மொய்த்துக் கொத்துவதும் நோயல்ல, பெற்றோரின் தோல் சுரக்கும் வழவழப்பே அவற்றுக்கு உணவின் ஒரு பகுதி. இன்னும் வியப்பான ஒன்றை ரிச்சர்ட் வைமன், ஜாக் வார்ட் என்ற ஆய்வாளர்கள் 1972-இல் வெளியிட்டார்கள். சின்ன ஆரஞ்சு குரோமைட்டுகள் பெரிய கரிமீனின் உடலைக் கொத்தி, ஒட்டுண்ணிகளையும் பூஞ்சை பிடித்த துடுப்புத் திசுக்களையும் அகற்றித் தூய்மை செய்கின்றன. இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்திருப்பவர் இதைச் சண்டை என்று எண்ணிப் பிரித்துவிடக் கூடாது.

அடுத்தது நீர்ச் சோதனை. மீனின் கழிவும் தின்னாமல் கிடக்கும் உணவும் அம்மோனியாவாக மாறும். வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகச் சுமார் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதற்குள் தொட்டி நிறைய மீனை விட்டால் செவுள் வெந்துபோகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். கடினத்தன்மையும் காரத்தன்மையும் கொண்ட நீர்தான் குரோமைட்டுக்கு ஏற்றது, ஆனால் பி.எச். 8-ஐத் தாண்டிய நீரில் அதே அளவு அம்மோனியா பன்மடங்கு நஞ்சாகும். நைட்ரைட் ஏறினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, செவுள் பழுப்பேறும். அப்போது உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழி நுழைவதைத் தடுக்கும். அளவுகள் கெட்டிருந்தால் நாள்தோறும் கால் முதல் பாதிப் பங்கு நீரை மாற்றுவதே முதல் சிகிச்சை. குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கி கலந்தே ஊற்ற வேண்டும். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் அந்தப் பாக்டீரியாக்கள் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுவது நல்லது.

நீர் சரியாக இருந்தும் உடலில் அடையாளம் தெரிந்தால் நோயைப் பிரித்தறிய வேண்டும். மிகப் பரவலானது வெண்புள்ளி நோய். ஒரு மில்லிமீட்டரை எட்டாத, மேடிட்ட வெள்ளைப் புள்ளிகள் துடுப்பிலும் உடலிலும் தோன்றும். இக்தியோஃப்திரியஸ் என்னும் ஒரு செல் ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் புகுந்து தின்று வளர்வதன் அடையாளம் அது. முதிர்ந்ததும் உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிரியும். அவை ஓரிரு நாளில் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் இறந்துவிடும். தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதை எட்டாது. நீந்தித் திரியும் அந்தக் குறுகிய நேரத்தில் மட்டுமே கொல்ல முடியும். இதனால்தான் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தியவர்களின் தொட்டியில் நோய் மறுபடி வெடிக்கிறது. கடைசிப் புள்ளி மறைந்தபின்னும் ஒரு வாரமாவது சிகிச்சை தொடர வேண்டும்.

இந்த ஒட்டுண்ணி நன்னீருக்கு உரியது, உப்பேறிய நீரில் பிழைக்காது. பழவேற்காட்டு மீனுக்கு இது பெரிய சாதகம். லிட்டருக்கு 5 கிராம் உப்பு வரை இவை இயல்பாகத் தாங்கும்; அந்த அளவிலேயே நோய்ப் பரவல் பெரும்பாலும் நின்றுவிடும். நாளொன்றுக்கு லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து ஏற்ற வேண்டும். 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி சுமார் 57 லிட்டர் கொள்ளும். மணல், கல் போக 45 லிட்டர் என்று கொண்டால் ஒரு நாளைக்கு 45 கிராம். நீரை மாற்றும்போது எடுத்த நீருக்கு ஈடான உப்பை மட்டுமே சேர்க்க வேண்டும், ஏனெனில் நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அதே தொட்டியில் லோச், கோரிடோராஸ் போன்ற மீன்களோ மென்மையான நீர்ச்செடிகளோ இருந்தால் இந்த முறை ஆகாது. குரோமைட்டைத் தனித் தொட்டிக்கு மாற்றியாக வேண்டும். அப்படி மாற்றினாலும் ஒட்டுண்ணி பழைய தொட்டியில் தங்கியிருக்கும் என்பதால், அங்குள்ள மீன்களையும் கவனிக்க வேண்டும்.

பஞ்சு போன்ற படர்வு வந்தால் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. சாப்ரோலெக்னியா என்ற பூஞ்சையானால், காயத்தின் மேல் நீண்ட இழைகளாகக் கிளம்பி நீரில் அசையும். உப்பும் மெத்திலீன் நீலமும் இதற்குப் போதும். வாயைச் சுற்றியோ முதுகின் குறுக்காகவோ சாம்பல் நிறத் திட்டாகப் படிந்து ஒரு நாளுக்குள் பரவினால், அது பெரும்பாலும் கொலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா. வெண்புள்ளி நோய்க்கு நீரைச் சூடாக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கும் ஹீட்டரைப் போட்டால் மீன் விரைவில் இறக்கும், ஏனெனில் வெப்பம் இந்தப் பாக்டீரியாவை முடுக்கிவிடும். சென்னைக் கோடையில் தொட்டி நீர் தானாகவே 30 பாகையைத் தொடும். அப்போது ஹீட்டருக்கு வேலையே இல்லை, காற்றுக் குமிழிகளைக் கூட்டுவதுதான் அவசியம்.

நங்கூரப் புழு கண்ணுக்கே தெரியும். ஈர வலையில் மீனைப் பிடித்து இடுக்கியால் அடியோடு பிடுங்கலாம். வயிறு வீங்கிச் செதில்கள் சிலிர்த்து நின்றால் சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது, பிழைப்பது அரிது.

மருந்து எதுவானாலும் தனித் தொட்டியில் கொடுப்பதே முறை. 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டி, ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி ஒன்று இருந்தால் போதும். மெத்திலீன் நீலம் முதன்மைத் தொட்டியின் நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். மாலகைட் பச்சை என்னும் மருந்து, உணவுக்கான மீனில் அறவே கூடாதது. தொட்டிக் கரிமீனைச் சமைக்கும் எண்ணம் உள்ளவர் அதைத் தொடவே கூடாது. மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கிப் பிரித்துக் கொட்டுவது பரவலாக நடக்கும் தவறு. அளவு தெரியாமல், நோய் தெரியாமல் போடும் அந்த மாத்திரை மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை வளர்த்துச் சாக்கடைக்கு அனுப்புகிறது.

கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது நோய்த் தொட்டிக்குள் கைவிட வேண்டாம். மைக்கோபாக்டீரியம் மெரைனம் என்ற கிருமி மனிதத் தோலில் மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். நோயுற்ற மீனை ஏரியிலோ கால்வாயிலோ விடுவது அதைவிடப் பெரிய தீங்கு. டேங்க் கிளீனர் மீன் இப்படி வீட்டுத் தொட்டிகளிலிருந்து போய்த்தான் தமிழக நீர்நிலைகளில் பெருகியது. புதிதாக வாங்கும் மீனை 3 வாரமாவது தனியே வைத்துப் பார்த்தால், இந்தச் சிகிச்சைகளில் பாதி தேவைப்படாது.

மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆய்வகத்தை நாட வேண்டும். பழவேற்காட்டுக்கு அருகிலுள்ள பொன்னேரியில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும் உண்டு. கொண்டுபோகும் மீன் நோயின் அறிகுறியோடு உயிருடன் இருப்பது நல்லது. அது முடியாதபோது, இறந்த சில மணி நேரத்துக்குள், ஃப்ரீசரில் உறைய வைக்காமல் பனிக்கட்டிக்கு இடையே வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். கூடவே தொட்டி நீரைத் தனி பாட்டிலில் கொண்டுபோவதும், இதுவரை போட்ட மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுப்பதும் ஆய்வாளரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.