எழுதிய நேரமும் எண்ணிய நேரமும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஞாயிறு எழுவதும் படுவதும் கொண்டே அவர்கள் நிலத்திற்குப் பெயரிட்டனர். அவ்விரு கரைகளிலும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கடிகார மணியும் வேறுபட்டு நின்றது என்பதை இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர் பலர் அறியார். பழைய பதிவேடுகளையும் நாட்குறிப்புகளையும் கணினியில் ஏற்றும் முயற்சி எங்கும் நடைபெறும் இக்காலத்தில், அவ்வேறுபாட்டை அறியாதவர் எழுதும் நிரல் பிழைபடும். அப்பிழை எவ்வாறு நேர்கின்றது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பனவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கணினி நாளையும் மணியையும் நம்மைப்போல் எழுதி வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1ஆம் நாள், கிரீனிச்சு நள்ளிரவு தொடங்கி எத்தனை விநாடிகள் கழிந்தன என எண்ணி, அவ்வெண் ஒன்றையே அது பெரும்பாலும் பேணுகின்றது. நிரலாளர் டைம்ஸ்டாம்ப் என வழங்கும் இதனை நேரமுத்திரை எனலாம். எழுத்திலுள்ள நேரத்தை நேரமுத்திரையாக மாற்றுவதில் மூன்று படிகள் உள்ளன. எழுத்தைப் பிரித்து ஆண்டு, மாதம், நாள், மணி என அறிவது முதலாவது. அம்மணி கிரீனிச்சு மணிக்கு எவ்வளவு முந்தியது என அறிந்து கழிப்பது இரண்டாவது. எஞ்சியதை விநாடியாக எண்ணுவது மூன்றாவது. மூன்றாம் படி வெறும் பெருக்கலும் கூட்டலுமே. இடர் முழுவதும் முதலிரு படிகளிலேயே உள்ளது.

முதற்படியின் இடரை எளிதிற் காட்டலாம். 03/04/2006 என்பது நமக்கு ஏப்ரில் 3; அமெரிக்கர்க்கு மார்ச்சு 4. எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை நிரலுக்கு நாமே சொல்லுதல் வேண்டும். நம் சாதக ஓலைகளிலோ விக்கிரம வருடம், தை மாதம் என்றிருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்புதலின், அது 1941ஆகவும் இருக்கலாம், 2001ஆகவும் இருக்கலாம். அன்றியும் சோதிடர்க்கு நாள் சூரியோதயத்தில் தொடங்குவது. பதிவாளர்க்கு நள்ளிரவில் தொடங்குவது. ஆகவே விடியற்கு முன் பிறந்த குழந்தைக்கு ஓலையில் ஒரு கிழமையும் பத்திரத்தில் மறு கிழமையும் இருத்தல் கூடும். இரண்டும் சரியே.

இரண்டாம் படிக்கு வருவோம். இலங்கை 1906இல் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தைப் பொது நேரமாக ஏற்றது. போர்க்காலத்தில், 1942 ஜனவரியில் அரைமணியும் அதே ஆண்டு செப்டெம்பரில் மேலும் அரைமணியும் கடிகாரம் முன்தள்ளப்பட்டு, 1945 ஒக்டோபரில் பழைய நிலைக்கு மீண்டது. பின்னர், வறட்சியால் நீர்மின் குறைந்து மின்வெட்டு மிகுந்த 1996இல், மே 25ஆம் நாள் ஒரு மணி முன்தள்ளப்பட்டது; ஒக்டோபர் 26இல் அதில் அரைமணி குறைக்கப்பட்டது. அந்த ஆறு மணி நேரக் கணக்கே 2006 ஏப்ரில் 15 வரை நிலவியது. அன்று ஐந்தரை மணிக் கணக்கு மீண்டது.

ஆயினும் வடக்கிலும் கிழக்கிலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவேயில்லை. படுவான்கரையின் பெரும்பகுதி அவற்றுள் அடங்கும். நகரத்திற் புதிய நேரம். வலையிறவுப் பாலத்திற்கு அப்பால், மண்முனைத் துறைக்கு அக்கரையில், பழைய நேரம். நேரம் சொன்னவரை, "பழைய மணியா, புதிய மணியா?" என மீண்டும் வினவ வேண்டியிருந்தது.

இதனாற் கணினிக்கு நேரும் மயக்கத்தைப் பாருங்கள். 2001 ஜனவரி 14, காலை 10 மணி என ஓர் ஏட்டில் உள்ளதாகக் கொள்வோம். புதிய நேரமாயின் அதன் நேரமுத்திரை 979444800. பழைய நேரமாயின் 979446600. இடையே 1800 விநாடி. எழுவான்கரையில் 10.40க்குப் புறப்பட்ட ஒருவர் இருபது நிமிடத்தில் அக்கரை சேர்ந்து, அங்குள்ள ஏட்டில் 10.30 எனப் பதிந்தால், புறப்படுமுன்னரே அவர் போய்ச் சேர்ந்தார் எனக் கணினி சாதிக்கும்! ஓர் இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே நிற்பது; எனவே அரைமணிப் பிழையால் ஒரு குழந்தையின் சாதகமே மாறலாம். நிகழ்ச்சிகளின் முன்பின்னை ஆராயும் வழக்கிலோ விளைவு இதனினும் பாரதூரமானது.

உலக நேர மாற்றங்களைத் தொகுத்த தரவுத்தளம் ஒன்று கணினிகளில் உண்டு. அதில் இலங்கை முழுமைக்கும் ஆசியா/கொழும்பு என ஒரே பெயர்தான். எனினும் பழைய நேரத்தைப் பின்பற்றிய பகுதியினர் ஆசியா/கொல்கத்தா என்பதைக் கொள்ளலாம் என அதன் தொகுப்பாளர் குறித்து வைத்துள்ளனர். இந்தியா ஐந்தரை மணியிலிருந்து அக்காலத்தில் மாறாமையே காரணம். நிரலாளர் செய்யவேண்டுவது அப்பெயரைத் தேர்தலே. ஆனால் தேர்வதற்கு ஊர்ப்பெயர் மட்டும் போதாது. எழுதியவர் எந்த மணியைப் பார்த்தெழுதினார் என்பதும் தெரிதல் வேண்டும்.

மாற்றம் நிகழ்ந்த இரவுகளிலோ இடர் வேறுவகையானது. 1996 மே 25, நள்ளிரவு 12.20 என்னும் நேரம் புதிய கணக்கில் இல்லவேயில்லை. கடிகாரம் 12இலிருந்து 1க்குத் தாவிவிட்டது. 2006 ஏப்ரில் 15, நள்ளிரவு 12.10 என்பதோ இருமுறை வந்தது. பைதன் மொழியில் ஃபோல்ட் என்னும் குறி 0 ஆயின் முதன்முறை, 1 ஆயின் இரண்டாம் முறை. நாம் ஒன்றும் சொல்லாவிடின் அது முதன்முறை என்றே கொள்ளும். ஐயம் உண்டென எச்சரியாது.

ஆதலின், பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றும் இளைஞர்க்கு மூன்று சொல்வோம். ஏட்டில் உள்ள எழுத்தை உள்ளவாறே தனியே பேணுக. நேரமுத்திரை கிடைத்ததென்று மூலத்தை அழிக்கற்க. 2001-01-14 10:00 +05:30 என்றவாறு, கொண்ட கணக்கையும் உடன் எழுதுக. எந்த மணி எனத் தெரியாவிடின், தெரியாது என்றே குறித்து இரு முத்திரைகளையும் வைக்குக.

பழைய மாணவர்க்கு ஒன்று சொல்வோம். நிரலால் இயலாதது உங்களால் இயலும். அப்பத்தாண்டுகளில் நீங்கள் எழுதிய நாட்குறிப்பையும், அக்காலத்திற் பிறந்த உங்கள் மக்களின் பிறப்புக் குறிப்பையும் இன்றே எடுத்து, ஓரத்தில் பழைய நேரம் அல்லது புதிய நேரம் என இரு சொல் எழுதி வையுங்கள். நினைவுள்ளவர் இருக்கும்போதே அது செய்யப்பட வேண்டும். பின்னர் எத்துணை வல்ல கணினியாலும் அவ்வரைமணியை மீட்டல் அரிது.