சேட்டுக்குள் இருக்கிற பை

பிள்ளையின் பழைய பாடசாலைச் சேட்டு ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். கீழ் விளிம்பு மேலே வந்துவிடும். மடித்துத் தைத்த விளிம்பு அது. பைக்கு அதுதான் வாய். இரண்டு பக்க மூட்டுகளையும் தைத்தவர் முன்னமே மூடித் தந்திருக்கிறார். அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டினால் கையில் வருவது இரண்டு முனையும் திறந்த ஒரு துணிக்குழாய். அடியில் ஒரு தையல், வாயில் இரண்டு கைப்பிடி: பை முடிந்தது.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கரையோர வீதியில், வாகரையைத் தாண்டி, வெருகலுக்கு முன்னால் வரும் ஊர் கதிரவெளி. கடலும் களப்பும் வயலும் காடும் சேர்ந்த வாகரைப் பிரதேசத்தின் வடக்கு ஊர்களில் ஒன்று. மீன் வாங்கப் பனையோலைப் பையான உமலைக் கொண்டுபோன பழக்கம் இந்தக் கரையில் மூத்தவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். உமலின் இடத்தைப் பொலித்தீன் பை பிடித்தது. இப்போது அதுவும் இலவசமில்லை. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனுக்கு இலங்கையில் 2017 செப்டெம்பரில் தடை வந்தது. 2025 நவம்பர் முதல் கைப்பிடி வைத்த பொலித்தீன் பைக்குக் கடைகள் காசு வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. ஆகவே வீட்டில் ஒரு துணிப்பை வேண்டும். அதைப் புதிதாக வாங்குவதா, பழைய துணியில் தைப்பதா என்பதுதான் கேள்வி.

புதுப் பருத்திப் பை பார்க்கும் அளவுக்கு நல்ல பிள்ளை இல்லை. டென்மார்க்கின் சுற்றாடல் முகவரகம் 2018இல் கடைப் பைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. காலநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டால், சாதாரண பருத்திப் பை ஒன்றை 52 தடவை பாவித்த பிறகுதான் அது மெல்லிய பிளாஸ்டிக் பையோடு சமனாகும். தண்ணீர், மண், ஓசோன் படலம் என்று எல்லாப் பாதிப்பையும் சேர்த்தால் அந்த எண் 7,100க்கு ஏறுகிறது. கடலில் சேரும் குப்பையை இந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்பதை மறக்கக் கூடாது. என்றாலும் எண் ஏன் இவ்வளவு பெரிது என்பது விளங்குகிறது. பருத்தியை விளைவிப்பது, நூற்பது, நெய்வது, சாயமிடுவது எல்லாம் பைக்கு முன்னால் நடந்து முடியும் செலவுகள். ஒரு ரீ-சேட்டுக்கான பருத்திக்கு மட்டுமே சுமார் 2,700 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய சேட்டில் இந்தச் செலவெல்லாம் போய் முடிந்தவை. அதில் தைக்கும் பைக்குப் புதிதாக வேண்டியது கொஞ்சம் நூலும் ஒரு மணித்தியால வேலையும்தான்.

துணியை வாசித்தல்

பழைய சேட்டில் எல்லா இடமும் ஒரே பலமாக இருக்காது. கொலர் மடிப்பும் கை விளிம்பும் முதலில் நைந்துபோகும். அக்குள் வியர்வையில் இற்றுப்போகும். கொடியில் வெயில் படும் தோள்பகுதி நிறத்தோடு பலத்தையும் இழக்கும். முதுகின் நடுவும் முன்பக்கத்தின் கீழ்ப்பாதியும் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்தால் மெலிந்த இடங்கள் கண்ணுக்குத் தெரியும். சந்தேகமான இடத்தை இரண்டு பெருவிரல்களுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பாருங்கள். நூல் விடும் சத்தம் மெல்லக் கேட்டாலும் அந்த இடத்தைப் பையில் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது நூலின் திசை. மருதமுனைத் தறிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விசயம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு நூல். நாடா குறுக்கே கொண்டுபோவது ஊடு நூல். நெய்து முடியும்வரை இழுவையைத் தாங்க வேண்டியது பாவு என்பதால் அதற்கு முறுக்கும் நெருக்கமும் அதிகம். அதனால் அது குறைவாக நீளும், அதிகம் தாங்கும். சேட்டில் பாவு எது என்று தேடத் தேவையில்லை. உடல் பகுதியில் பொத்தான் பட்டிக்கு இணையாக மேலிருந்து கீழே போவதும், கையில் தோளிலிருந்து மணிக்கட்டுக்குப் போவதும் பாவுதான். தோளுக்குப் பின்னாலுள்ள இரட்டைத் துணியில் மட்டும் வழக்கமாகத் திசை மாறி, பாவு தோளிலிருந்து தோளுக்கு ஓடும். மூலைவிட்டமாக இழுத்தால் எந்தத் துணியும் நீண்டுகொடுக்கும். கைப்பிடியைத் துணி மிச்சப்படுத்துவதற்காகச் சாய்வாக வெட்டினால் பை ஒரு மாதத்தில் முழங்காலுக்கு இறங்கிவிடும்.

மூன்றாவது, துணி எதனால் ஆனது என்பது. ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். கடதாசி எரியும் மணத்தோடு மென்மையான சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுத்த மணியாக இறுகினால் பொலியெஸ்டர். இரண்டும் சேர்ந்து நடந்தால் கலப்பு. கலப்புத் துணி பைக்கு நல்லது. சீக்கிரம் காயும், கசங்காது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பாடசாலைச் சேட்டு இதற்கு மிகப் பொருத்தம். பிள்ளை வளர்வதால் அது கழிக்கப்படுகிறதே தவிர, துணி கெட்டுப்போனதால் அல்ல. அரசாங்கம் ஆண்டுதோறும் சீருடைத் துணி கொடுப்பதால் நாட்டின் எல்லா மூலைகளிலும் ஒரே மாதிரியான வெள்ளைச் சேட்டுகள் வீட்டுக்கு வீடு சேர்கின்றன. கீழ் விளிம்பும் பெரும்பாலும் நேராக இருக்கும். பெரியவர்களின் சேட்டில் அது வளைந்து போவதுண்டு. அப்படியானால் நேராக வெட்டி மடித்துத் தைக்க வேண்டும்.

இரண்டு நூல்களின் பூட்டு

கைத்தையல் ஊசிக்கு நூல் கோர்க்கும் துளை மொட்டைப் பக்கத்தில் இருக்கும். மெசின் ஊசிக்கு அது கூர் நுனிக்குப் பக்கத்தில் இருக்கும். மெசின் தையலின் இரகசியம் இங்கேதான் தொடங்குகிறது. முழு ஊசியும் துணியைக் கடந்துபோக வேண்டியதில்லை. நுனி மட்டும் இறங்கி நூலை அடிப்பக்கம் காட்டிவிட்டு ஏறினால் போதும். நுனித்துளை ஊசியும் இரண்டு நூல் பூட்டுத்தையலும் சேர்ந்த மெசினுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846இல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கரின் மெசினுக்கு 1851இல் காப்புரிமை கிடைத்தது. 1877இலேயே சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்துவிட்டது. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்திகூடத் தையல் மெசினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்.

ஊசி கீழே இறங்கி, திரும்பி ஏறத் தொடங்கும் அந்தக் கணத்தில் மேல்நூல் துணியோடு உரசிப் பின்தங்குகிறது. ஊசிக்குப் பின்னால் அது சின்ன வளையமாகப் புடைக்கிறது. கீழே காத்திருக்கும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பொபின் இருக்கும் கூட்டைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகிறது. இப்போது பொபின் நூல் வளையத்துக்குள் அகப்பட்டுவிட்டது. மேலேயுள்ள நெம்புகோல் எழும்பி நூலை இறுக்க, இரண்டு நூல்களும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. ஊசி முழுதாக வெளியே வந்தபிறகுதான் கீழுள்ள பற்கள் எழுந்து துணியை அடுத்த தையலுக்குத் தள்ளுகின்றன. அடிப்பக்கத்தில் நூல் கொத்தாகத் தொங்கினால் பெரும்பாலும் மேல்நூல் சரியாகக் கோர்க்கப்படவில்லை என்று அர்த்தம். பலர் பொபினைக் குறைசொல்லி அதை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கடற்கரை ஊரில் மெசினுக்கு ஒரு எதிரி உண்டு: உப்புக்காற்று. துருப்பிடித்த ஊசி நூலை அறுக்கும், துணியில் கறை விடும். புதுத் துணிக்கு ஊசி மாற்றுவதுபோல ஒவ்வொரு வேலைக்கும் ஊசியைப் பார்ப்பது நல்லது. சேட்டுத் துணி பல மடிப்பாகச் சேரும் இந்தப் பைக்கு 14ஆம் இலக்க ஊசி போதும். எண்ணெய் விட்டபின் முதலில் கழிவுத்துணியில் ஓட்டி, மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். நூல் பொலியெஸ்டராக இருந்தால் ஈரத்தில் பூஞ்சை பிடித்து இறாது.

தைப்போம்

துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட சேட்டின் பொத்தான்களை எல்லாம் பூட்டுங்கள். பட்டியின் ஓரத்தோடு மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓட்டி அதை நிரந்தரமாக மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் சில்லறைச் சாமான்கள் பொத்தான்களுக்கு இடையால் விழும். அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டுங்கள். வெட்டிய கோட்டுக்குப் பக்கத்தில் பொத்தான் இருந்தால் கழற்றிவிடுங்கள். மார்புப் பொக்கற் குழாயில் தங்கியிருந்தால் அது இப்போது தலைகீழாக நிற்கும். தையலைப் பிரித்து, நிமிர்த்தி, உள்பக்கத்தில் வைத்துத் தைத்தால் சாவிக்கும் சில்லறைக்கும் ஆகும்.

அடித்தையலை இரண்டு தரம் தைக்க வேண்டும். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்க, வெட்டிய விளிம்பிலிருந்து 5 மில்லிமீற்றர் உள்ளே ஒரு தையல். விளிம்பை 3 மில்லிமீற்றராக நறுக்குங்கள். பிறகு பையை உள்ளே வெளியாகப் புரட்டி, அழுத்தி, 8 மில்லிமீற்றர் விட்டு மறுபடி தையுங்கள். பிசிறு விடும் விளிம்பு இரண்டு தையலுக்கும் நடுவில் சிறைப்பட்டுவிடும். ஓவர்லொக் மெசின் இல்லாத வீட்டில் இதைவிட நல்ல வழி இல்லை. பொத்தான் பட்டி வரும் இடத்தில் துணி தடிப்பாக இருக்கும். அங்கே மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் திருப்பிக் கடக்கவும்.

இப்போது பை தட்டையாக இருக்கிறது. அதற்கு அடித்தளம் கொடுக்க, உள்பக்கம் வெளியே இருக்கும்போதே பக்க மூட்டையும் அடித்தையலையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மூலையை முக்கோணமாக விரியுங்கள். முக்கோணத்துக்குக் குறுக்கே 10 சென்ரிமீற்றர் நீளத்தில் தையுங்கள். மறு மூலைக்கும் அப்படியே. அந்த 10 சென்ரிமீற்றர்தான் அடித்தளத்தின் அகலம். அது அகலத்திலிருந்து 10, உயரத்திலிருந்து 5 சென்ரிமீற்றரை எடுத்துக்கொள்ளும். தட்டையாக 40 அகலமும் 35 உயரமும் இருந்த பை 30க்கு 10 அடித்தளத்தில் 30 உயரமாக எழும்பி நிற்கும். கொள்ளளவு 9 லீற்றர். சின்னப் பை வேண்டுமானால் தைப்பதற்கு முன் பக்கங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

கைப்பிடிக்கு நீளக்கை சேட்டு ஒன்றின் கைகளிலிருந்து பாவுத் திசையில் 8 சென்ரிமீற்றர் அகலத்தில் இரண்டு கீற்று வெட்டுங்கள்; நீளம் 45 போதும். இரண்டு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் 2 சென்ரிமீற்றர் அகலத்தில் நான்கு மடிப்புப் பட்டி கிடைக்கும். இரண்டு ஓரத்திலும் தையல் ஓட்டவும்.

பை கிழிவது பெரும்பாலும் கைப்பிடி சேரும் இடத்தில்தான். 5 கிலோ அரிசியைத் தூக்கினால் நான்கு முனைகளுக்கும் பங்கிட்டு ஒவ்வொன்றும் தாங்குவது ஒன்றேகால் கிலோ. நடக்கும்போதும் பஸ்சில் ஏறும்போதும் வரும் உதறலில் அது பல மடங்காகும். ஒரே கோட்டில் தைத்திருந்தால் பாரம் முழுதும் அந்தக் கோட்டின் ஊசித்துளைகளில் விழும். முத்திரை கிழிவதுபோலத் துணி கிழியும். தையலை மிக நெருக்கமாகப் போட்டால் துளைகள் கூடி நிலைமை இன்னும் மோசமாகும். இரண்டரை மில்லிமீற்றர் தையலே போதுமானது. தோளிலிருந்த இரட்டைத் துணியில் நைந்துபோகாத இடம் பார்த்து நான்கு சதுரம் வெட்டி, ஓரம் மடித்து, வாயின் உள்பக்கம் வையுங்கள். அதன்மேல் கைப்பிடி முனை 5 சென்ரிமீற்றர் இறங்கட்டும். சதுரமாகத் தைத்து அதற்குள் பெருக்கல் குறி போடுங்கள். பாரம் பல திசைத் தையல்களுக்குப் பிரிந்துபோகும். முடிந்ததும் பைக்குள் 5 கிலோவைப் போட்டு ஓர் இரவு ஆணியில் தொங்கவிட்டுப் பாருங்கள். தையல் இழுபட்டால் காலையில் தெரிந்துவிடும்.

கரையோரத்துத் தையல்

பழைய துணியை மறுபடி தைப்பது ஏழ்மையின் அடையாளம் என்று நினைப்பவர்கள் உண்டு. வங்காளத்துக் காந்தா, வடகர்நாடகத்துச் சித்தி சமூகத்தவரின் ஒட்டுத்துணிப் போர்வை எல்லாம் கழித்த துணியில் பிறந்து இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன.

கழித்த துணிக்குக் கரையோரங்களிலும் ஒரு கதை உண்டு. 2004 டிசம்பர் சுனாமி கதிரவெளியையும் தாக்கியது, நாகப்பட்டினத்தையும் தாக்கியது. தமிழ்நாட்டுக் கரைக்கு உதவியாக வந்த பழைய உடுப்புகள் வீதியோரங்களில் குவிந்து கிடந்தன. யாருக்கு எது வேண்டும் என்று கேட்காமல் அனுப்பியதன் விளைவு அது. அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அந்தக் குவியலை எடுத்துத் தரம்பிரித்து மறுபயனுக்குக் கொண்டுவந்தது. ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களுக்குத் துண்டுத்துணியில் 'சுனாமிகா' என்ற சின்னப் பொம்மை செய்யப் பழக்கியது. மடித்து உள்ளங்கைக்குள் வைக்கும் துணிப்பையும் பிறகு அங்கிருந்து வந்தது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில், துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. கிழக்கிலங்கையில் அறுகம்பையில் 'ரைஸ் அன்ட் கெரி' (Rice & Carry) என்ற நிறுவனம் கழித்த அரிசிச் சாக்குகளைப் பையாக்கி விற்கிறது.

இவற்றிலெல்லாம் தெரியும் ஒரு சிக்கல், பழைய துணியை ஆலை விரும்பாது என்பது. ஆடைத் தொழிற்சாலை துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டில் நூற்றுக்கணக்கான துண்டுகளை எடுக்கும். பழைய சேட்டு ஒவ்வொன்றும் வேறு அளவு, வேறு நைவு. ஒவ்வொன்றையும் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். துணி சும்மா கிடைத்தாலும் வேலை நேரம் அதிகம். ஆலையின் கணக்குக்கு அது கட்டாது.

வீட்டு மெசினின் கணக்கு வேறு. யுத்தத்துக்குப் பிறகு கிழக்கில் கொடுத்த வாழ்வாதார உதவிகளில் தையல் மெசினுக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. ஆனால் மலிவான ஆயத்த ஆடையோடு போட்டியிட்டு உடுப்புத் தைத்து வாழ்வது சுலபமில்லை. பையில் அந்தப் போட்டி குறைவு. அளவு எடுக்கத் தேவையில்லை, ஆளுக்குப் பொருந்த வேண்டியதில்லை, துணிக்கு முதல் போட வேண்டியதில்லை. பாடசாலைச் சேட்டு ஓரளவுக்கு ஒரே மாதிரியாக வருவதால் பத்துச் சேட்டை ஒரே முறையில் வெட்டலாம். கடையில் பைக்குக் காசு கேட்கத் தொடங்கிவிட்ட இந்த நேரத்தில், ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் யாராவது இதைத் தைத்து விற்றால் வாங்க ஆள் இருக்கும். கூலியைத் தீர்மானிக்கும்போது தைத்த நேரத்தோடு சேட்டைப் பார்த்துத் தெரிவுசெய்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இந்த வேலையில் அறிவு செலவாவது அங்கேதான்.