உங்களுக்குத் தெரியுமா?

கோப்பில் வேண்டிய வரிகளை மட்டும் சலித்தெடுக்கும் 'கிரெப்' கட்டளை வேகமாகத் தேடுவதற்குக் காரணம், அது எல்லா எழுத்துகளையும் படிப்பதில்லை என்பதே!

● தேடுவது பத்தெழுத்துச் சொல் என்று வையுங்கள். கிரெப்பின் குனூ பதிப்பு முதலில் பத்தாம் இடத்தைப் பார்க்கும். அங்கிருக்கும் எழுத்து அந்தச் சொல்லிலேயே இல்லையா? பத்து இடத்தையும் ஒரே தாவலில் கடந்துவிடும். சொல் நீள நீளத் தாவலும் நீளும். 1977-இல் பாயர், மூர் இருவரும் வெளியிட்ட அருமையான உத்தி இது.

● பெயர் பிறந்தது 'எட்' என்ற பழைய எடிட்டரில். அதில் 'ஜி/ஆர்ஈ/பி' என்றால், கோப்பு முழுக்கத் தேடி, வடிவம் பொருந்தும் வரிகளை அச்சிடு என்று பொருள். பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன் அந்த வேலையைத் தனி நிரலாக்கினார். 1973-இல் யூனிக்ஸோடு வெளிவந்தது.

● 'மைனஸ் வி' சேர்த்தால் பொருந்தாத வரிகள் மட்டும் வரும்.

● தேடல் வடிவத்தில் ஒரு புள்ளி, ஏதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும். 'தமிழ்' என்பதற்கு மூன்று புள்ளி போதாது, ஐந்து வேண்டும்: த, ம, இகரக் குறி, ழ, மெய்ப்புள்ளி. யூனிகோடு எண்ணுவது அப்படித்தான்.