எந்த ஆண்டு ஆம்னியை வாங்கலாம்?

நிக்காஹ் வீட்டுக்கும் பெருநாள் விருந்துக்கும் குடும்பத்தோடு புறப்படும்போது, 'நமக்கென்று ஒரு வேன் இருந்தால்!' என்று எண்ணாத வீடு தஞ்சைத் தரணியில் அரிது. அத்தகையோர் முதலில் நினைப்பது, இழுத்துத் திறக்கும் கதவுடைய மாருதி ஆம்னியைத்தான். 1984-இல் 'மாருதி வேன்' என்று வெளிவந்து, 1988-இல் ஆம்னி எனப் பெயர் மாறிய இவ்வண்டியின் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. ஆகவே, நீங்கள் வாங்கப்போவது பழைய வண்டியே. எந்த ஆண்டு வண்டியை வாங்குவது?

1998-லும் 2005-லும் செய்யப்பட்டவை சிறு தோற்ற மாற்றங்களே. அவற்றுக்காகக் கூடுதல் விலை தர வேண்டாம். 796 சி.சி. என்ஜின் இறுதிவரை தொடர்ந்தது. கவனிக்க வேண்டிய வேறுபாடு, பெட்ரோல் செலுத்தும் முறையில்தான் உள்ளது. முந்தைய வண்டிகள் கார்புரேட்டர் கொண்டவை, பிந்தியவை எம்.பி.எஃப்.ஐ. முறையில் இயங்குபவை. கார்புரேட்டரைச் சீர்செய்வது எளிது. ஆனால், அதில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் குறைந்து வருகின்றனர். மேலும், இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர் குழாய்கள் அதற்கென ஆக்கப்பட்டவை அல்ல.

அடுத்து, ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022-இல் பன்மடங்கு உயர்ந்தது. மலிவாகக் கிடைத்த வண்டி இவ்வழியில் விலை கூடிவிடும்.

எல்லாவற்றினும் மேலாக, வண்டி எங்கே நின்றது என்று விசாரியுங்கள். நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்று தகட்டை அரிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய பகுதி இது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் விற்பனைக்கு வரக்கூடும். தரைவிரிப்பைத் தூக்கித் தட்டிப் பாருங்கள். கதவு நகரும் தண்டவாளத்தைத் தடவிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுங்கள். உள்ளே சேற்றுக் கறை இருந்தால், வெள்ளம் புகுந்ததென ஐயுறலாம். துருவேறிய 2015 வண்டியைவிட, துருவில்லாத 2008 வண்டியே மேல்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். ஆம்னியின் என்ஜின் முன்இருக்கைக்கு அடியில் உள்ளது. முன்னால் அமர்வோரின் கால்களுக்கும் எதிரே வரும் லாரிக்கும் இடையே தகடுதான் இருக்கிறது. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க இயலாமலே அதன் உற்பத்தி முடிவுற்றது. எந்த ஆண்டு வண்டியாயினும் இக்குறை தீராது. எனவே, குழந்தைகளை முன்இருக்கையில் அமர்த்தாதீர்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் ஏற்றாதீர்கள். புறவழிச்சாலையில் விரைந்து ஓட்டாதீர்கள்.

பதிவுக்காலம் எஞ்சியுள்ள, துருவில்லாத, எம்.பி.எஃப்.ஐ. வண்டியே குடும்பத்துக்கு ஏற்றது. அப்படி ஒன்று அமையாவிடில், அவசரப்பட்டு வாங்காமல் காத்திருப்பதே நன்று.